விட்டுப்போன எழுத்துகள்

நாளிதழின் புதிய வடிவமைப்புக்கு எழுத்துரு வரைந்த திருமாறன், ‘ஹ’வையும் ‘ஷ’வையும் எப்போதாவதுதான் வரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். முதல் இதழ் வெளியான அன்றே ஒரு பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். இரங்கல் விளம்பரத்தில் அவள் தந்தை ஹபீப் ஷெரீபின் பெயரில் இரண்டு இடங்களில் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் இருந்தன.

“எல்லார் பேரும் சரியா இருக்கு. வாப்பா பேரை மட்டும் ஏன் சார் இப்படிப் பண்ணுனீங்க? எங்க பேருங்கிறதாலயா?”

“ஐயோ, மெஷின் கோளாறும்மா” என்றான் திருமாறன்.

அவள் முகம் தெளிந்தது. “அப்படியா சார்? நாங்கதான் வீட்டுல தப்பாப் பேசிட்டோம். மன்னிச்சிருங்க.”

“பரவால்லம்மா” என்றான். சொன்னதுமே உடம்பு கூசியது. படியிறங்கிப் போகிறவளைத் திரும்பக் கூப்பிட எழுந்தான். அவள் பெயரைக்கூட அவன் கேட்டிருக்கவில்லை.