நாற்பது பக்கக் குறிப்பு

"டாக்டர், இவ மறுபடியும் மாத்திரையை நிறுத்திட்டா. இன்னைக்கே அட்மிட் பண்ணிக்குங்க!"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். தங்கை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். அவளுக்கு, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் என்று மூன்று வருடங்களுக்கு முன் கண்டறிந்து, மருந்து கொடுத்து மீட்டவர் இந்த டாக்டர்தான்.

"போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில மருந்து அளவு சரியாத்தானே இருக்கு?" என்றார் டாக்டர்.

"அப்புறம் ஏன் சமையல்கட்டுல நின்னு பாட்டுப் பாடறா?"

"அதுக்கெல்லாம் என்கிட்ட மருந்து இல்லப்பா."

"திங்கட்கிழமை நூலகத்துல வேலைக்குச் சேரணும் டாக்டர். அந்தச் சந்தோஷம், அவ்வளவுதான்" என்றாள் தங்கை மெதுவாக.

"பாத்தீங்களா, சந்தோஷமாம்! போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இவளை வேலைக்கெல்லாம் அனுப்ப முடியாது. நீங்களே சொல்லிடுங்க!"

தடித்த நோட்டு ஒன்றை மேசையில் போட்டான்.

"நாலு நாளாக் கவனிச்சு எழுதியிருக்கேன், நாற்பது பக்கம்! சிரிச்சா சிவப்பு மை, முகம் வாடினா நீலம். வீட்ல மூணு கேமரா மாட்டியாச்சு. நானே எலக்ட்ரீஷியன், ஆள் எதுக்கு? கையோட வீடு முழுக்க வயரிங்கையும் மாத்திட்டேன். அடுத்து, இந்த மாதிரி நோயாளிங்க இருக்கற எல்லா வீட்டுக்கும் கேமரா மாட்டப் போறேன். நீங்களும் கூட்டு சேர்றீங்களா?"

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுத்து.

"ராத்திரி தூங்கறாங்களா?"

"பத்து மணிக்குப் படுத்தா காலைல ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பா. நான்தான் அவ ரூம் வாசல்லயே உக்காந்திருக்கேனே! நாலு ராத்திரி டாக்டர், பொட்டுத் தூக்கமில்லை. ஆனா பாருங்க, கொஞ்சம்கூட அசதியே இல்லை!"

டாக்டர் நோட்டை மூடினார்.

"உங்க தங்கச்சி தாராளமா வேலைக்குப் போகலாம்."

"என்ன டாக்டர், விளையாடறீங்களா?"

கத்திக்கொண்டே எழுந்தவனின் கையைத் தங்கை பற்றிக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"உக்காருண்ணா. எனக்குச் செக்கப் அடுத்த மாசம்தான். இன்னைக்கு டோக்கன் உன் பேர்ல வாங்கியிருக்கேன்."