எந்த அடாப்டரைச் சொருகினீங்க?

“எங்க மாமனார் ஒண்ணு சொல்வாரு. படிச்ச புள்ள கையில சாமானைக் குடுத்தா… அதுக்கப்புறம் என்னமோ வரும், மறந்து போச்சு. இவளைப் பார்க்காமலே இவளுக்குத்தான் சொல்லிருக்காரு மனுசன்!”

அழகம்மா சொன்னது தன் மருமகள் நிஷாந்தினியைப் பற்றி. அதுவும் கண்டி டவுனில், நளீரின் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில், அவள் பக்கத்தில் நிற்கும்போதே.

நிஷாந்தினி தெல்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். ஏ.எல். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக வருஷம் முழுக்கப் பதிவு செய்த பாடங்கள், இப்போது நளீரின் மேசையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான். வேறு பிரதி இல்லை. பரீட்சை அடுத்த மாதம்.

நளீர் டிஸ்க்குக்குக் கரன்ட் கொடுத்துக் காதருகே பிடித்தார். சத்தமே இல்லை. அடிப்பக்கத்துச் சின்ன போர்டைக் கழற்றி மோந்து பார்த்தார். மீட்டரின் முனைகளை வைத்தார். பீப் என்றது.

“உள்ளுக்கு ஒண்டும் ஆகல்ல டீச்சர். போர்டுலதான் சோர்ட் சர்கிட். இந்தக் கறுப்புத் துண்டு டயோட். கரன்ட் கூட வந்தா இது எரிஞ்சு மத்ததைக் காப்பாத்தும்.” நிமிர்ந்தார். “எந்த அடாப்டரைச் சொருகினீங்க? லேப்டொப் சார்ஜரா?”

“ஆமா நானா.” முஸ்லிம் அண்ணன்மாரை நிஷாந்தினி அப்படித்தான் கூப்பிடுவாள். “ நான்தான் மாத்திச் சொருகிட்டேன்.”

“டீச்சரா இருந்துக்கிட்டு, அதுல எழுதியிருக்கிற வோல்ட்டைப் பார்க்க மாட்டீங்களா?”

“நல்லாக் கேளுங்க தம்பி! கால்ல வெந்நிய ஊத்துன மாதிரிதான் எப்பவும் ஓட்டம்.”

நிஷாந்தினிக்குப் போன் வந்தது. படிக்கட்டுப் பக்கம் போனாள்.

அழகம்மாவின் குரல் இறங்கியது.

“தம்பி… அது நான். வீடு கூட்டுறப்ப வயரு கழண்டுருச்சு. கெடந்ததுல ஒண்ண எடுத்தேன். ஓட்டைக்குச் சரியா இருந்துச்சு, சொருகிட்டேன். அவ தானே செஞ்சதா நெனச்சுக்கிட்டிருக்கா. அப்பிடியே இருக்கட்டும். சொல்லிராதீங்க.”

நளீர் எரிந்த டயோடைச் சுட்டு எடுத்தார். போர்டைத் திரும்பப் பூட்டினார். டிஸ்க் சுழன்றது. திரையில் பாடங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

“முருகா!” அழகம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “இருங்க தம்பி, பிளேன்டீ வாங்கிட்டு வர்றேன்.”

அவள் இறங்கிப் போனதும் நிஷாந்தினி உள்ளே வந்தாள். நளீருக்குப் பொறுக்கவில்லை.

“இப்பவே வேற டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணிக்கங்க, டயோடைக் கழட்டிட்டதால இனி இதுக்குக் காப்பு இல்ல. இன்னொண்டும் சொல்லணும் டீச்சர். பிழை உங்கட இல்ல. சொருகினது…”

“அத்தை. தெரியும் நானா. நான் அன்னைக்கு ஸ்கூல்ல.”

“தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு ஏச்சையும் கேட்டுக்கிட்டு நிண்டீங்க?”

“டிஸ்க் வேலை செய்யலன்னதும் அத்தை சோறு தண்ணி தொடல. ஒரு மூலையில உக்காந்துட்டாங்க. நான்தான் மாத்திச் சொருகிட்டேன்னு சொன்னேன். எழும்பி என்னைய ஏசத் தொடங்கினாங்க. அதுக்கப்புறம்தான் சாப்பிட்டாங்க.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம். அழகம்மா பிளேன்டீயோடு வாசலில் நின்று நளீரின் முகத்தையே பார்த்தாள்.

நளீர் நிஷாந்தினியின் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை ஏசினார்.