இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை

"டிசைனர் தேவைன்னு விளம்பரம் எழுதச் சொன்னா, உன் தங்கச்சிக்கு அளவெடுத்துச் சட்டை தைச்சிருக்கியேம்மா!"

முதலாளி தாளை மேஜைமேல் வீசினார். எதிரே நின்ற மேனேஜர் அம்மாள் பதறவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த டிசைன் கம்பெனியில் கேட்கிற கத்தல்தானே.

"எந்த வரி சார் பிடிக்கல?"

"எது பிடிச்சிருக்குன்னு கேளு! 'குடும்பத்துக்காக வேலையை விட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை.' 'மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகலாம்.' உன் தங்கச்சி குழந்தை பிறந்து வேலையை விட்டு மூணு வருஷம் ஆச்சாமே? ஆபீஸே பேசுது."

"அவ பல் டாக்டர் சார். அவ வரைஞ்சா யானைக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாது."

முதலாளி கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை.

"சரி, நான் எழுதின விளம்பரத்துக்கு என்ன குறைச்சல்?"

"'இளமைத் துடிப்பு, இடைவெளி இல்லாத அனுபவம், இரவு பகல் பாராத உழைப்பு.' அதைப் படிச்சிட்டு வந்தவங்கள்ல ஒருத்தரையாவது உங்களுக்குப் பிடிச்சுதா சார்?"

பிடிக்கவில்லைதான். இரண்டு மாதமாக வந்ததெல்லாம் அரைவேக்காடு. போதாக்குறைக்கு, ஷாம்பு கம்பெனிக்காரர் இந்த வாரத்துக்குள் புது லேபிள் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் பாதி ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்.

மேனேஜர் கையிலிருந்த கோப்பைத் திறந்து நாலைந்து தாள்களை எடுத்து நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

முதலாளி வேண்டாவெறுப்பாக வாங்கினார். எண்ணெய் பாட்டில், சோப்பு உறை, பிஸ்கட் டப்பா. புரட்டப் புரட்ட அவர் குரலே மாறிவிட்டது.

"அடேயப்பா! எழுத்தை எங்கே வைக்கணும்னு இந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு கலர்கூட வீணா இல்ல. இப்படி ஒரு ஆளை ஏம்மா இத்தனை நாள் கண்ணுல காட்டல?"

"போன விளம்பரத்துக்கு வந்ததுதான் சார். ஒரு வருஷத்துக்கு மேல வேலையில இடைவெளி இருந்தா பிரிச்சே பார்க்காதே, குப்பையில போடுன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குப் போட மனசு வரல. அதான் இந்தத் தடவை அந்த வரியைச் சேர்த்தேன்."

முதலாளி தலையில் கைவைத்தார்.

"புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். விளம்பரம் அப்படியே போகட்டும், ஒரு எழுத்தை மாத்தாதே. இவங்களை நாளைக்கே வரச் சொல்லு. கேட்கிற சம்பளத்தைக் கொடு. ஆமா, யாரு இது? பேரையே காணோம்?"

மேனேஜர் தயங்கினார். பிறகு, விண்ணப்பத்தோடு வந்திருந்த ஒரு சின்னத் துண்டுச் சீட்டை எடுத்து அவர்முன் வைத்தார்.

கையெழுத்தைப் பார்த்ததுமே முதலாளி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

'அக்கா, இது நான்தான்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க. தகுதி இருந்தா மட்டும் கூப்பிடச் சொல்லுங்க.'