கயிறு கட்டிய சதுரம்

கயிற்றுக்குள் ஒரு புல் கூட இல்லை.

நான்கு மூலையிலும் கம்புகள் இருந்தன. கயிறு முன்னைவிட விறைப்பாக இருந்தது. நடுவில் இருந்த மண்ணைச் செதுக்கி, வாரியலால் பெருக்கி, தண்ணீரும் தெளித்திருந்தது.

போன் என் கையில். போனுக்குள் தாணுமாலயன் சாரும் முப்பது மாணவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆன்லைனில் சூழலியல் படிக்கிறேன். ஆரம்பப் பாடம்தான். ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். மூன்று வாரம் அதில் முளைப்பதை எண்ணி, இன்று எல்லோருக்கும் காட்ட வேண்டும். இதில் தேறினால்தான் அடுத்த பாடம்.

சாரல் மாதத்தில் எங்கள் ஊர் பண்பொழியில் கல்லில் கூடப் புல் முளைக்கும். என் சதுரத்தில் தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டை என்று பதினொரு வகை. பிளஸ் டூவோடு நின்றுபோன நாற்பத்தேழு வயதுக்காரிக்கு அது சின்ன விஷயமா? பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு நடுவில் நானும் ஒரு மாணவி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொல்லைக்கு வந்திருந்தேன்.

"வாத்தியாரு பாக்குதாருன்னு சொன்னேல்லா ஏட்டி? காடு மாரி கெடந்துச்சு. அதான் சுத்தம் பண்ணிப் போட்டேன்."

என் வீட்டுக்காரர் மாடக்கண்ணு. மடித்துக் கட்டிய கைலி, வெற்றுடம்பு, தோளில் துண்டு, கையில் மண்வெட்டி. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் இங்கே முதலில் புல்லைத்தான் செதுக்குவோம். அந்த நான்கு கம்புகளைச் சீவிக் கொடுத்ததும் அவர்தான்.

நல்லவேளை, அவர் பேசியபோது என் மைக் மூடியிருந்தது. ஆனால் படம் தெரிந்தது. திரையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

செடிகள் எங்கே, அங்கே நிற்பது யார் என்று சார் கேட்டார். அவர் நாகர்கோவில்காரர்தான். ஆனாலும் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. மைக்கைத் திறந்தேன்.

எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற ஆள், தெரியாமல் செய்துவிட்டான் என்று இங்கிலீஷில் சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது போல வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன.

மாடக்கண்ணுவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

சார் சிரித்தார். திடீரென்று தமிழுக்கு மாறினார். வேலையாளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"ஐயா, நீங்கதான் தோட்டக்காரரா? பிடுங்குன செடியை எல்லாம் எங்க போட்டீங்க?"

மாடக்கண்ணு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான்.

நான் போனைப் பார்த்தேன்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தூரப் போடல சார். சிரட்டையில எடுத்து வச்சிருக்கேன். அம்மா படிக்கிற செடில்லா."

கிணற்றடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். பதினொரு தேங்காய்ச் சிரட்டைகள். வேர் அறாமல், தாய்மண்ணோடு, வகைக்கு ஒன்று. நான் பெயர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சிரட்டையையும் போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். குனிந்த தலை நிமிரவே இல்லை.

தேறிவிட்டேன் என்றார் சார். இப்படி ஒரு ஆள் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். முப்பது பேரும் கை தட்டினார்கள்.

கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான்.

வகுப்பு முடிந்தது. போனை அணைத்து, அவருக்குத் தெரியும்படி கல் மேல் கவிழ்த்து வைத்தேன்.

"அணைச்சாச்சு" என்றேன்.

அவர் சிரட்டைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். துண்டு கக்கத்திலேயே இருந்தது.