வெள்ளை ஒசரி

"கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த எடத்துல வெள்ளைச் சேலை கேக்குறியே, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சாடா?"

எட்வர்ட் போட்ட சத்தத்தில் கடையிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இராயப்பன் மட்டும் அசையவில்லை.

"மெதுவாப் பேசுடா. நானா, நான் கேட்டத எடுங்க. சிங்களப் பொம்பளைங்க உடுத்துற ஒசரி. வெள்ளையில, நல்ல சன்னமா."

பதுளைக் கடைத்தெருவில் இருந்தது இத்ரூஸ் நானாவின் துணிக்கடை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு இராயப்பன் அங்கே வந்திருந்தான். தேயிலை ஸ்டோரில் அவனோடு வேலை செய்யும் கூட்டாளிகள் எட்வர்டும் ரெங்கசாமியும் உடன் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சூசைக் கங்காணியும் வந்திருந்தார். கூறைச் சேலையை அவர்தான் கடையையே புரட்டிப் போட்டுத் தேர்ந்தெடுத்தார். "எம் மக கொரட்டியோட நெறத்துக்கு அரக்குதான் எடுக்கும்" என்று சொல்லி, பொதியைக் கட்டச் சொல்லிவிட்டு, சுருட்டு வாங்க அடுத்த கடைக்குப் போயிருந்தார். அவர் தலை மறைந்த பிறகுதான் இராயப்பன் இந்த வெள்ளைச் சேலைப் பேச்சை எடுத்தான்.

நானா மூன்று துணிகளை விரித்துப் போட்டார். ரெங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. ஒன்றை எடுத்து இடுப்பில் சுற்றி, பக்கவாட்டில் கொசுவத்தை நீட்டிவிட்டு, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒய்யாரமாக நின்றான்.

"எப்படிடா இருக்கு, என் ஒசரி?"

"மீசைய எடுத்துட்டா நானே கட்டிக்குவேன்" என்றான் எட்வர்ட். பிறகு இராயப்பன் பக்கம் திரும்பினான். "விளையாட்டு போதும். யாருக்குடா இது?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். கேக்காதீங்க."

நானா தாடிக்குள் சிரித்தார். "எனக்கு விளங்கிட்டு, தம்பி. சிங்கள ஆக்கள்ட கல்யாணத்துல மாப்புள, பொண்ணுட உம்மாவுக்கு வெள்ளைத் துணி குடுக்கிற வழக்கம் ஒன்டு இருக்கு. பொண்ணுக்கு ஊட்டின பாலுக்கு நன்றி அது. அப்ப, மாமியார் சிங்களமா?"

எட்வர்டின் சிரிப்பு நின்றுபோனது. கொரட்டியைப் பெற்ற மூன்றாம் நாளே அவள் அம்மா கண்ணை மூடியது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"டேய், கொரட்டிக்குத்தான் அம்மா இல்லையே. அப்ப வேற பொண்ணு எவளாச்சும்..."

"அதத்தான் நானும் கேக்குறேன். எந்த மாமியாருக்குடா?"

வாசலில் சூசைக் கங்காணி நின்றுகொண்டிருந்தார். சுருட்டு இன்னும் பற்ற வைக்கப்படவில்லை, முகம்தான் பற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, அது வந்து..."

"மாமான்னு கூப்பிடாத! கீழ இருக்கிற சிங்களக் கிராமத்துலருந்து வெத்தல விக்க வருவாளே, பொடிமெனிக்கே, அவ மகதானே? அந்தப் பொம்பள எதுக்குச் சும்மா சும்மா எங்க வீட்டு வாசல்லயே வந்து நிக்கிறான்னு இப்பத்தான் புரியுது. கொரட்டியக் கண்டா கன்னத்தத் தடவுறதும் கண்ணக் கசக்குறதும்! போன மாசந்தான், இனி லயத்து வீடுங்க பக்கம் தலகாட்டாதன்னு நாலு பேருக்கு முன்னால வெரட்டிவிட்டேன். அவ மருமகனா நீ?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்ப இந்தச் சேலை யாருக்கு?"

"அவங்களுக்குத்தாங்க" என்று இராயப்பன் மெல்லச் சொன்னான்.

கங்காணி கூறைச் சேலைப் பொதியைத் தூக்கி மேசைமேல் வீசினார். "நானா, இத நீங்களே வச்சுக்கோங்க. எம் மகளுக்குக் கல்யாணம் இல்ல."

இந்த ஒரு கல்யாணத்துக்காக இராயப்பன் மூன்று வருஷம் காத்திருந்தான். வாயைத் திறந்தால் கொடுத்த வாக்கு போகும். திறக்காவிட்டால் கொரட்டியே கைவிட்டுப் போவாள். கங்காணிக்கு முன்னால் வந்து நின்றான்.

"பொடிமெனிக்கேவுக்கு மக இல்லீங்க, மாமா. ஒரே புள்ள, பொறந்த கையோட செத்துப்போச்சு. நீங்க ஊர்க் காணி விசயமாப் போயி ஒரு வருசம் இந்தியாவுல இருந்தீங்களே, அப்ப. தாயில்லாம கத்துன கொரட்டிய உங்க அக்காதான் தூக்கிட்டுப் போயி அந்தம்மா மடியில போட்டாங்களாம்."

"ஆட்டுப்பால்ல வளத்தேன்னுதானே அக்கா சொன்னா?"

"நீங்க கோவிப்பீங்கன்னு பயந்து சொன்னாங்களாம். சாவுற நேரத்துலதான் கொரட்டிகிட்ட உண்மையச் சொல்லியிருக்காங்க. நகை நட்டு எதுவும் வேணாம், அந்த அம்மாவுக்கு அவங்க முறைப்படி ஒரு வெள்ளைச் சேலை மட்டும் எடுத்துக் குடுங்கன்னு கொரட்டிதாங்க கேட்டா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வாக்கும் வாங்கிட்டா."

ரெங்கசாமி தன் இடுப்பில் இருந்த துணியை மெதுவாக அவிழ்த்து, மரியாதையோடு மடித்து மேசைமேல் வைத்தான். கங்காணியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல், மேசைமேல் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நானா, இதெல்லாம் வேணாம். கடையில இருக்கிறதுலயே ஒசத்தியா ஒண்ணு எடுங்க" என்றார். அப்புறம் இராயப்பன் தோளில் கை வைத்தார்.

"மாப்பிள்ளை, நேரா அவங்க வீட்டுக்குப் போவோம். இன்னைக்கு நான் போயி வாசல்ல நிக்கிறேன், வெரட்டினா வெரட்டட்டும்."