வைக்கோல் கன்று

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைத் தொட்டாலும் நோய்தான் என்று முணுமுணுத்தபடி, எட்டாம் மாதத்தில் பசு கருக்கலைந்து வீசிய செத்த கன்றின் தோலுக்குள் பூவராகவன் வெறுங்கையால் வைக்கோலைத் திணிக்கிறார். அதை நக்கினால்தான் பசு பால் விடும். பொன்னேரியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் கையுறையை நீட்டிக் கத்துகிறார். "கன்னைப் பொதைக்கச் சொன்னேனே பெரியவரே! கன்னு வீச்சு நோய் தொட்டாலும், பச்சைப் பாலைக் குடிச்சாலும் மனுசனுக்கும் ஒட்டும். மாசமா கீறவங்களுக்குக் கருவே கலைஞ்சிடும்." "நாப்பது வருசமா கையை வுட்டுத்தான் கன்னு இழுக்குறேன். எனக்கு இன்னா சார் கலைஞ்சிது?" பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும் மருமகள் கல்பனா, ஏழு மாத வயிற்றோடு, வைக்கோல் கன்றைப் பசுவின் முகத்தருகே பிடிக்கிறாள். பசு தோலையும் அவள் விரல்களையும் சேர்த்து நக்குகிறது. பூவராகவன் கறக்கிறார். "மாமா, காலையிலேர்ந்து புள்ளை அசையல" என்கிறாள். நுரைக்கும் பச்சைப் பாலை அவளிடம் நீட்டி, "குடி, அசையும்" என்கிறார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, டாக்டரின் கையுறையைத் தாண்டி வயலைப் பார்த்து நடக்கிறார்.