பம்பரில் ஒரு கீறல்

பார்க்கிங் தூணில் உரசி, என் காரின் பம்பரில் நீளமாக ஒரு கீறல்.

"சாரி சார், என் தப்புதான்" என்றது கார்.

பெயிண்ட் அடிக்க வந்த தணிகைவேல் சிரித்தார். "தானா ஓடும்போது இது உரசவே உரசாது சார். நீங்க ஓட்டியிருப்பீங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லைய்யா! அதுவே ஒத்துக்குதே!"

"ஆமா, நான்தான்" என்றது கார் மறுபடியும்.

தணிகைவேல் தலையைச் சொறிந்துகொண்டே வேலையை முடித்துவிட்டுப் போனார். கார் குரலைத் தாழ்த்தியது.

"சார், நீங்கதான் ஓட்டினீங்க. போன தடவை மாதிரியே மறந்துட்டீங்க. பயப்படாதீங்க, உங்க பொண்ணுகிட்ட நான் சொல்லலை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் போன தடவை?"

"அப்பவும் இதையேதான் கேட்டீங்க சார்."